ஐந்தாம் பாடம்

நம் சங்கத்து மலரில் எழுதுவோர் இலக்கியத்தையோ சமுதாயத்தையோ எடுத்துக்கொள்வது வழக்கம். நான் எடுத்துக்கொண்டிருப்பது மிகச் சிறிய பொருள். பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை பதினோராம் வகுப்பில் எந்தெந்தப் பாடங்களை எடுப்பது என்பதுதான் அது. சிறியது என்று சொன்னேனே தவிர, இவ்வாண்டு எங்கள் வீட்டில் இதைவிடப் பெரிய பேச்சு வேறில்லை. என் தங்கை பத்தாவது எழுதி முடித்திருக்கிறாள். பள்ளியில் கொடுத்த விண்ணப்பத்தாள் ஒரு வாரமாக மேசைமேல் கிடக்கிறது.

தலைநகரில் குடியேறிய நம்மவர் பிள்ளைகள் பலரும் படிப்பது மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பாடத்திட்டத்தில். அதில் பதினோராம் வகுப்புக்கு ஐந்து பாடங்கள் கட்டாயம். ஆறாவது நம் விருப்பம். டாக்டராக வேண்டும் என்று வீட்டில் தீர்மானித்துவிட்ட பிள்ளைக்கு ஆங்கிலம், பௌதிகம், இரசாயனம், உயிரியல் என்று நான்கு தாமே அமைந்துவிடும். ஐந்தாவதில்தான் வினையே இருக்கிறது. கணிதம் எடுக்கலாம்; சொல்லிக்கொடுக்கும் பள்ளியானால் தமிழ் எடுக்கலாம்; உடற்கல்வியும் எடுக்கலாம். (தமிழ்நாட்டிலிருந்து வந்திருக்கும் தோழர்களே, தாவரவியலும் விலங்கியலும் சேர்ந்து கணிதம் இல்லாமல் வரும் அந்தக் ‘குரூப்’பை நினைத்துக்கொள்ளுங்கள், கதை ஒன்றுதான்.)

2018-ஆம் ஆண்டு நான் உடற்கல்வி எடுத்தேன். நான் ஓடுகிறவளும் அல்லள், பந்து எறிகிறவளும் அல்லள். சுலபமாக மதிப்பெண் வரும் என்றார்கள், எடுத்தேன். “டாக்டருக்குக் கணக்கு எதுக்கும்மா? அந்த நேரத்துல உயிரியல் படிக்கலாமே” என்றார் அப்பா. அவரைக் குறை சொல்ல மாட்டேன். நீட் தேர்வில் கணிதத்துக்கென்று ஒரு வினாகூடக் கிடையாது என்பது உண்மைதானே! வாலிபால் மைதானம் 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம் என்று மனப்பாடம் செய்து 97 வாங்கினேன். அந்த 97-ஐ யார் கேட்டார்கள் என்கிறீர்கள்? நீட் அதைப் பார்க்கவில்லை. இருமுறை எழுதியும் இடம் கிடைக்காமல் 2021-இல் விலங்கியல் பட்டப்படிப்புக்குப் போனபோது, அந்தக் கல்லூரியில் பௌதிகம், இரசாயனம், உயிரியல் ஆகிய மூன்றின் மதிப்பெண்களை மட்டுமே கூட்டினார்கள். இரண்டு ஆண்டு உழைத்து வாங்கிய எண் இன்றும் சான்றிதழில் அழகாக இருக்கிறது.

இன்று எம்.எஸ்ஸி. வகுப்பில் அமர்ந்திருக்கிறேன். சென்ற பருவத்தில் ஆசிரியர் கரும்பலகையில் லோட்கா, வோல்தெரா என்னும் இருவர் 1920-களில் தனித்தனியே கண்ட சமன்பாடுகளை எழுதினார். இரையாகும் பிராணிகள் பெருகினால் அவற்றைத் தின்னும் பிராணிகளும் பெருகும். பிறகு இரை குறையும், தின்பவையும் குறையும். மறுபடி இரை பெருகும். இந்தச் சுழற்சியை இரண்டே வரியில் அடக்கியிருந்தார்கள். அருகிலிருந்தவர்கள் தலையசைத்தார்கள். எனக்கு முயலும் நரியும் புரிந்தன. அந்த இரண்டு வரி புரியவில்லை. வகைநுண்கணிதத்தை நான் பௌதிகப் புத்தகத்தின் முதல் சில பக்கங்களில் சந்தித்து, இரண்டொரு சூத்திரங்களை உருப்போட்டுக் கடந்து வந்தவள். அன்று மாலை பழைய புத்தகக் கடையில் பதினோராம் வகுப்புக் கணிதப் புத்தகம் வாங்கினேன். கடைக்காரர், “தங்கைக்கா?” என்று கேட்டார். ஆம் என்று சொல்லிவிட்டேன்.

உயிரியல் என்பது கணக்குக்குப் பயந்தவர்கள் ஒதுங்கும் நிழல் என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. மெண்டல் 1866-இல் வெளியிட்ட கட்டுரை பட்டாணிச் செடிகளை எண்ணிக் கணக்கிட்டதன் பயன் அன்றோ? சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன் 1954-இல் தோலிலும் தசைநாணிலும் உள்ள கொலாஜன் என்னும் புரதத்தின் முப்புரி அமைப்பை வெளியிட்டபோது, அவர் பௌதிகத் துறையின் தலைவர். சிதம்பரத்தில் பிறந்து, நம்மைப் போலவே வெளிமாநிலத்தில் (பரோடாவில்) வளர்ந்த வெங்கி ராமகிருஷ்ணன் பௌதிகத்தில் டாக்டர் பட்டம் வாங்கிய பிறகுதான் உயிரியலுக்கு வந்தார். 2009-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததோ இரசாயனத்துக்கு! இவர்களுக்குப் பதினைந்து வயதில் யாராவது ‘எதிர்காலத் தொழிலுக்குப் பொருத்தமான பாடம்’ எடுத்துக் கொடுத்திருந்தால் என்ன எடுத்துக் கொடுத்திருப்பார்கள்?

தொழிலுக்கு ஏற்ற பாடத்தை எடு என்பது நல்ல அறிவுரைதான். ஆனால் அந்தத் தொழில் கிடைக்குமா என்று யாரும் கேட்பதில்லை. 2024-இல் நீட் எழுதியவர்கள் 23 இலட்சத்துக்கு மேல். நாடு முழுவதும் எம்.பி.பி.எஸ். இடங்களோ ஒரு இலட்சத்துக்குச் சற்று அதிகம். பல் மருத்துவத்துக்கும் சித்த, ஆயுர்வேதப் படிப்புகளுக்கும் போகிறவர்களைக் கழித்தாலும் எஞ்சுவோர் பல இலட்சம். எஞ்சியவர் கணிதம் படித்திராவிட்டால் கட்டடக் கலைக்குப் போக முடியாது. பெரும்பாலான பொறியியல் படிப்புகளுக்கும் போக முடியாது. டில்லிப் பல்கலைக்கழகத்தில் பொருளாதார ஆனர்ஸ் சேரவும் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதம் வேண்டும். கலைப்பாடம்தானே என்று கேட்டுப் போய்த் திரும்பி வந்த தோழி ஒருத்தி எங்கள் விடுதியிலேயே இருக்கிறாள்.

கணிதம் எல்லாருக்கும் வரவேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதைக் கண்டால் காய்ச்சல் வரும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்களைக் கட்டி இழுப்பது கொடுமை. நான் பேசுவது என் போன்றவர்களைப் பற்றி. பத்தாவதில் கணிதத்தில் நன்றாகவே வாங்கி, பிடித்தும் இருந்து, ‘தேவையில்லை’ என்ற ஒரே காரணத்தால் விட்டவர்கள். மருத்துவத்தின் பக்கத்திலேயே விதி சற்றுத் தளர்ந்திருக்கிறது. பன்னிரண்டாவதில் உயிரியல் எடுக்காதவர்கூடப் பின்னர் அதைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறி நீட் எழுதலாம் என்று 2023 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் அறிவித்தது. கணிதத்தையும் பிறகு படிக்கலாமே என்பீர்கள். படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். வரலாற்றை ஒருவர் முப்பது வயதில் தனியே உட்கார்ந்து படித்துவிடலாம். கணிதத்துக்கு எதிரே ஓர் ஆசிரியரும், நாள்தோறும் பத்துக் கணக்கும், தவறு செய்தால் வெட்கப்படாத வயதும் வேண்டியிருக்கின்றன. பள்ளியில் இம்மூன்றும் இலவசம். எனவே ஐந்தாம் பாடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது எதில் எண் கொட்டும் என்று பாராமல், எதைப் பிற்காலத்தில் தனியாகக் கற்பது கடினம் என்று பார்ப்பதே சரியென்பது என் கருத்து.

தமிழைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதையும் அதே விண்ணப்பத்தாளில்தான் விட்டேன். இக்கட்டுரையில் ஒற்றுப்பிழை குறைவாக இருந்தால் பாராட்டு மலராசிரியரைச் சேரும்.

இப்போது மாலை நேரங்களில் நானும் தங்கையும் ஒரே மேசையில் உட்காருகிறோம். முக்கோணவியலில் நான் தடுமாறினால், “அக்கா, இது பத்தாங் கிளாஸ் கணக்கு” என்று சிரிக்கிறாள். ஐந்தாம் கட்டத்தில் கணிதம் என்றும், விருப்பப் பாடத்துக்கான ஆறாம் கட்டத்தில் தமிழ் என்றும் அவளே பென்சிலால் எழுதி வைத்திருக்கிறாள். ஆறாவதற்கு அப்பா சம்மதித்துவிட்டார். ஐந்தாவதை அழிக்கவும் இல்லை, பேனாவால் எழுதவும் இல்லை. நீட்டுக்குப் படிக்க நேரம் போதுமா என்று நேற்றிரவும் கேட்டார். திங்கட்கிழமை தாளைக் கொடுத்தாக வேண்டும்.