பெயர் எழுத வேண்டிய கட்டம்

தாட்கோ கடன் கேட்டு வர்ற அக்கா விண்ணப்பத்துல ஒரு கட்டத்தக் காலியா விட்டுட்டா, நான் திருப்பிக் கொடுத்துடுவேன். அப்பன் பேரு, சாதிச் சான்று, குடும்ப அட்டை எல்லாம் வேணும். ‘அது ரகசியம்’னு அந்த அக்கா சொல்ல முடியுமா? சொன்னா மேனேஜர்தான் விடுவாரா?

ஆனால் அமெரிக்காவில் பூமிக்குள் ரசாயனம் இறக்குகிற கம்பெனிக்காரன் சொல்லலாம்.

எரிவாயு எடுப்பதற்காகத் தண்ணீர், மணல், ரசாயனம் மூன்றையும் கலந்து, கடும் அழுத்தத்தில் செலுத்திப் பாறையைப் பிளக்கிறார்கள். நீரியல் விரிசல் முறை என்று பெயர். கலவையில் ரசாயனம் ஒண்ணு ரெண்டு சதவீதம்தானாம். வட்டிக்கணக்குப் பாக்குறவன்கிட்ட இந்தக் கதை எடுபடாது. கிணற்றுக்கு 50 லட்சம் லிட்டர் என்றால் 1 சதவீதம் 50 ஆயிரம் லிட்டர்.

2005இல் வந்த எரிசக்திச் சட்டம், டீசல் கலந்தால் தவிர, இந்த வேலையைக் குடிநீர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பிடியிலிருந்து விடுவித்தது. கம்பெனிகள் தாமே வெளியிட்ட பட்டியல்களில் 70 சதவீதத்துக்கும் மேலானவற்றில், குறைந்தது ஒரு ரசாயனமாவது ‘வணிக ரகசியம்’ என மறைக்கப்பட்டிருந்தது. சொல்வது அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 2016 அறிக்கை. சில சூழல்களில் குடிநீர் கெடும் என்றும் அதுவே சொல்கிறது: தரையில் சிந்தினால், கிணற்றுக் குழாயின் கட்டு சரியில்லாவிட்டால், நீர்மட்டத்துக்குள்ளேயே செலுத்தினால், கழிவை வெறுங்குழியில் கொட்டினால்.

வயோமிங் மாநிலத்துப் பவிலியனைப் பாருங்கள். அரப்பஹோ, ஷோஷோனி பழங்குடிகளின் விண்ட் ரிவர் நிலத்திலிருந்து 1905ஆம் ஆண்டுச் சட்டத்தால் வெள்ளைக் குடியேறிகளுக்குத் திறந்துவிடப்பட்ட பகுதி அது. வீட்டுக் கிணறுகள் 244 மீட்டர் ஆழம்வரை போகின்றன. பாறையைப் பிளந்ததோ 322 மீட்டரிலேயே தொடங்கிவிட்டது. ‘இந்தத் தண்ணீரைக் குடிக்காதே, சமைக்காதே, குளிக்கும்போது காற்றோட்டம் வை’ என்று 2010இல் அறிவுறுத்தப்பட்டார்கள். விரிசல் முறைக்கும் இதற்கும் தொடர்பிருக்கலாம் என்றது முகமையின் 2011 வரைவு அறிக்கை. 2013இல் விசாரணை மாநில அரசின் கைக்குப் போனது. 2016இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ‘நிலத்தடி நீர் பாதிக்கப்பட்டிருக்கிறது’ என்றார்கள். மாநில அரசு ‘விரிசல் முறை காரணமாக இருக்க வாய்ப்பில்லை’ என்றது.

ஏன் இந்த இழுபறி? துளை போடுமுன் தண்ணி எப்படி இருந்ததுன்னு போதுமான பதிவு இல்ல. தொடக்க இருப்பே எழுதாத கணக்கில் களவை எப்படிப் பிடிப்பது?

நாம தொட்டா தண்ணி தீட்டுன்னான். 1927இல் மகாத் குளத்தில் அண்ணல் அள்ளிக் குடித்த பிறகு தீட்டுக்கழித்தான். தொட்டவன் பேர் ஊருக்கே தெரிந்தது. மெய்யாகவே தண்ணியில் கலக்கிறவன் சரக்கின் பேர் மட்டும் ரகசியம்!

இங்கே 2017இல் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து நெடுவாசல் எழுந்தது. 2020இல் வந்த வேளாண் மண்டலச் சட்டம் ஷேல் எரிவாயு உட்படப் புதிய கிணறுகளுக்குத்தான் தடை போட்டது. மண்டலத்துக்கு வெளியே? நிலம் வைத்திருப்பவனிடம் கையெழுத்துக் கேட்பான், குத்தகைப் பணம் பேசுவான். காலனி அடிபம்பை நம்பியிருக்கிற கூலிக்காரரிடம் எதைக் கேட்பான்?

நாம கேட்போம். முதல் துளைக்கு முன்னால எங்க அடிபம்புத் தண்ணியச் சோதிச்சு முடிவ எழுத்துல கொடு. இறக்கப்போற ரசாயனம் அத்தனைக்கும் பேர் எழுது.

ஒரு கட்டம் காலியா இருந்தாலும் விண்ணப்பத்தத் திருப்பிக் கொடுப்போம்.