துண்டு கேட்கும் செயலிகள்

நம்ம பக்கம் இப்ப ஒரு நல்ல யோசனை அடிபடுகிறது. கொழுந்து நிறுத்ததும் அன்றைய கிலோவை அம்மாமார் கொப்பியில் குறித்து வைக்கிறார்களே, அதைச் செயலியாக்கினால் என்ன? செக்ரோலில் அரைப் பேர் விழுந்தால் எதிர்த்துக் காட்ட நம்ம கையிலும் ஒரு கணக்கு இருக்கும். யோசனையில் குறையில்லை. குறை அடுத்த வசனத்தில்: "ஃபயர்பேஸைப் போட்டா ரெண்டு நாள்ல முடிஞ்சிரும் மச்சான்."

முடியும்தான். லொகின், சேமிப்பு எல்லாம் எழுதிவைத்த லைப்ரரியாகக் கிடைக்கிறது. அடுத்தவர் எழுதிய நிரலைப் பாவிப்பதில் எனக்குச் சண்டையில்லை. சண்டை அதன் மறுமுனையோடு. செயலி நம்ம போனில், கணக்கு கூகுளின் சேர்வரில். அங்கே இலவசமாக ஒரு நாளைக்கு 50,000 ஆவணம் வாசிக்கலாம். அதற்கு மேல் காசு, இல்லையென்றால் அன்றைக்குக் கதவு சாத்து. சரி, வேறு இடம் போவோம் என்றால், அந்தச் சேவைக்கென்றே எழுதிய பாதி நிரலைத் திரும்ப எழுத வேண்டும்.

ஆர்ட்ஸ் படிக்கிற உனக்கு இதெல்லாம் எதுக்கு என்பீர்கள். துண்டு முறையைப் பற்றிப் படித்ததால்தான் கேட்கிறேன். 'இவ்வளவு கடனைக் கட்டினால் இந்தக் கங்காணியின் ஆட்களை விடுவேன்' என்று துரை எழுதிக் கொடுத்த சீட்டுதான் துண்டு. அது இல்லாமல் இன்னொரு தோட்டத்தில் பேர் பதிய முடியாது. 1921இல்தான் சட்டம் அதை ஒழித்தது. வரும்போது செலவில்லை, போகும்போதுதான் கணக்கு. இந்த ஏற்பாடு நமக்குப் புதுசா?

2013இல் பேஸ்புக் 'பார்ஸ்' என்ற இதே மாதிரிச் சேவையை வாங்கியது. 2016 ஜனவரியில் மூடப்போவதாகச் சொன்னது, 2017 ஜனவரியில் மூடியது. ஒரு வருட அவகாசம் கொடுத்தார்கள், சேர்வர் நிரலையும் திறந்துவிட்டார்கள். ஆள்பலம் இருந்தவர்கள் இடம் மாறினார்கள். எழுதிய பொடியன் வேலை தேடிக் கொழும்புக்குப் போய்விட்ட செயலியை யார் மாற்றுவது?

அரசாங்கக் கிளவுட் என்றால் பாதுகாப்பு என்றும் நினைக்காதீர்கள். 2023இல் லங்கா கவர்ன்மென்ட் கிளவுட்டை ரான்சம்வெயார் தாக்கியபோது, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் போயே போய்விட்டன. காரணம், பிரதி இல்லை.

அப்ப என்ன செய்வது? கணக்கு முதலில் போனிலேயே இருக்கட்டும். எஸ்கியூலைட் இருக்கிறது. அதுவும் பொது லைப்ரரிதான், யாருக்கும் உரிமையில்லாமல் விடப்பட்டது. முழுத் தரவும் ஒரே கோப்பு. சிக்னல் இல்லாத மலையிலும் வேலை செய்யும். கிளவுட் பிரதிக்கு மட்டும். அதோடு பேசும் நிரலை ஒரே இடத்தில் ஒதுக்கி எழுதுங்கள், நாளைக்குக் கழற்றி மாற்றலாம். முழுக் கணக்கையும் சாதாரணக் கோப்பாக இறக்க ஒரு பட்டனும் வையுங்கள்.

இதெல்லாம் நம்மால் முடியாத காரியமில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு இந்த நாட்டுத் தொண்டர்கள் எழுதித் திறந்துவிட்ட 'சஹானா'வை, அடுத்த வருடமே பாகிஸ்தான் நிலநடுக்கத்தில் பாவித்தார்கள். நிரலைப் பகிர்வது என்றால் அது.

செயலியைக் கொண்டுவந்து காட்டும் தம்பி தங்கச்சிகளே, நான் டிசைனைப் பார்க்க மாட்டேன். அந்த இறக்கும் பட்டன் எங்கே என்றுதான் கேட்பேன். அது இல்லையென்றால், அம்மாவின் கொப்பியே போதும்.