சரக்கு வைத்திருப்பவரே தரம் சொல்லலாமா?

ஒரு சவரன் என்றால் எட்டு கிராம் தங்கம் என்பது நம் கடைவீதியில் சிறு பிள்ளைக்கும் தெரியும். அந்தப் பெயர் பிரிட்டனின் 'சாவரின்' தங்கக் காசிலிருந்து வந்தது. அதன் எடை 7.98 கிராம்; மாற்று 22 காரட். 1918-ல் பம்பாயிலேயே அந்தக் காசு அச்சடிக்கப்பட்டது. ஆனால் எடையும் மாற்றும் ஒன்றாக உள்ள இரண்டு சாவரின்களில் ஒன்று தங்கத்தின் விலைக்கே போகிறது; மற்றொன்று அதைப்போல் பல மடங்குக்குப் போகிறது. காரணம் மூன்று: அச்சான ஆண்டு, கிடைக்கும் அருமை, காசின் நிலைமை. ஆண்டு காசிலேயே இருக்கிறது. அருமையைப் புத்தகத்தில் பார்க்கலாம். நிலைமையை மட்டும் யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த 'யாராவது' யார் என்பதுதான் பழைய பிரிட்டிஷ் நாணய வியாபாரத்தில் நீண்ட நாளாக நடக்கும் வழக்கு. அதில் நம்மைப் போன்ற வணிகர்கள் கவனிக்க வேண்டிய பாடம் உண்டு.

லண்டன் நாணய வியாபாரிகள் தரத்தை வார்த்தையால் சொல்லி வந்தவர்கள். ஃபேர், ஃபைன், வெரி ஃபைன், எக்ஸ்ட்ரீம்லி ஃபைன், அன்சர்குலேட்டட் என்று படிப்படியாகப் போகும். இதில் 'ஃபைன்' என்றால் நல்ல காசு என்று நினைத்து ஏமாறக் கூடாது. நன்றாகத் தேய்ந்த காசுக்குத்தான் அந்தப் பெயர். நம் மண்டியில் 'இரண்டாம் ரகம்' என்று சொல்லக் கூசி, வேறு நல்ல பெயர் வைப்பதில்லையா, அதைப் போல.

தேய்மானம் ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? 1860-ல் வந்த வெண்கலப் பென்னியின் அளவு, 1971 பிப்ரவரி 15-ல் பிரிட்டன் தசம நாணயத்துக்கு மாறும் வரை மாறவில்லை. விக்டோரியா ராணி காலத்துக் காசு, நூறு ஆண்டு கழித்தும் அங்குள்ள மளிகைக் கடைக் கல்லாவில் விழுந்துகொண்டிருந்தது. அத்தனை கை மாறிய காசில் ராணியின் தலைமுடி மட்டுமல்ல, ஆண்டுகூட மழுங்கிவிடும். யார் கையிலும் படாமல், அச்சான நாளின் செந்நிறத்தோடு தப்பிய ஒரு பென்னிக்கு விலை ஏறுவதில் வியப்பில்லை. ஒரு படித் தரம் கூடினால் விலை பல மடங்கு கூடும்.

இங்கேதான் சிக்கல். தயிர் விற்பவள் தன் தயிர் புளிக்கும் என்று சொல்வாளா? வாங்கும்போது ஒரு படி இறக்கியும், விற்கும்போது ஒரு படி ஏற்றியும் சொல்லும் ஆசை எந்த வியாபாரிக்கும் வரக்கூடியதே.

மூன்றாமவர் வந்தார்

இதற்கு அமெரிக்காவில் ஒரு வழி கண்டார்கள். 1949-ல் வில்லியம் ஷெல்டன் என்பவர் அந்நாட்டின் பழைய சென்ட் காசுகளுக்கு 1 முதல் 70 வரை மதிப்பெண் வகுத்தார். 1985-ல் பி.சி.ஜி.எஸ்., 1987-ல் என்.ஜி.சி. என்ற நிறுவனங்கள் அந்த அளவை வைத்துத் தரச்சான்று தரும் தொழிலைத் தொடங்கின. காசு யாருடையது என்று தெரியாமல், ஒன்றுக்கு மேற்பட்ட நிபுணர்கள் பார்ப்பார்கள். பிறகு அதை பிளாஸ்டிக் உறையில் வைத்து மூடி, மதிப்பெண்ணும் பதிவெண்ணும் உள்ள சீட்டோடு தருவார்கள். பிரிட்டிஷ் காசுகளும் இந்த வழியில் போகின்றன. முடிதுறந்த எட்டாம் எட்வர்டின் பெயரில், புழக்கத்துக்கு வராமலே நின்றுபோன 1937-ம் ஆண்டு ஐந்து பவுண்டு தங்கக் காசு ஒன்று, 67 மதிப்பெண்ணோடு 2021-ல் அமெரிக்க ஏலத்தில் 22 லட்சத்து 80 ஆயிரம் டாலருக்குப் போனது.

லண்டன் பழைய வியாபாரிகள் பலருக்கு இது பிடிக்கவில்லை. காசைக் கையில் எடுத்துப் பார்க்காமல் பிளாஸ்டிக்கைப் பார்த்து வாங்குவதா என்கிறார்கள். 'எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்' என்ற அதே சொல்லுக்கு பிரிட்டனில் கண்டிப்பு அதிகம், அமெரிக்காவில் குறைவு என்கிறார்கள். இதில் நியாயம் இருக்கிறது.

ஆனாலும் நம் கருத்து மூன்றாமவர் பக்கமே. பிரிட்டனே இதற்குச் சாட்சி. அரச நாணயச்சாலையின் காசுகளை 13-ம் நூற்றாண்டிலிருந்து 'பிக்ஸ் சோதனை' என்ற பெயரில் பரிசோதிக்கிறார்கள். முடிவு சொல்வது நாணயச்சாலை அல்ல. பொற்கொல்லர் சங்கத்தைச் சேர்ந்த நடுவர்கள். அரசன் அடித்த காசுக்கே அரசன் சாட்சி சொல்ல முடியாத நாட்டில், கடைக்காரர் தன் சரக்குக்குத் தானே சாட்சி சொல்லலாமா?

சீட்டு தராசு அல்ல

அதே சமயம், மதிப்பெண்ணை வேதவாக்காக எடுத்துக்கொள்ளவும் கூடாது. எடையைத் தராசு சொல்லும்; மாற்றை உரைகல் சொல்லும். தேய்மானத்தை மனிதக் கண்தான் சொல்ல வேண்டும். அது கருத்து. அதே காசை உறையிலிருந்து எடுத்து மறுபடி அனுப்பி, கூடுதல் மதிப்பெண் வாங்குவதையே தொழிலாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். 1990-ல், முன்னணி நிறுவனம் ஒன்றின் விளம்பரம் அதன் தரநிர்ணயத்தை மிகைப்படுத்துகிறது என்று அமெரிக்க அரசின் வணிக ஆணையம் நடவடிக்கை எடுத்து, அது சமரசத்தில் முடிந்தது. உறையையே போலியாகச் செய்பவர்களும் வந்துவிட்டார்கள். ஆகவே பதிவெண்ணை நிறுவனத்தின் ஏட்டோடு ஒத்துப் பார்க்காமல் பணம் கொடுக்கலாகாது.

நம் வீடுகளில் பாட்டி காலத்து சாவரின் இருந்தால் ஒரு வார்த்தை. புளி போட்டு விளக்காதீர்கள். விளக்கிய காசும், காசுமாலைக்காகப் பற்றவைத்த காசும் உண்மையானவையே ஆனாலும் மதிப்பெண் பெறா. குறையைக் குறிப்பிட்டுத்தான் சான்று வரும். சாதாரண ஆண்டுக் காசுக்குச் சான்றுக் கட்டணம் கட்டுவதும் வீண். அதற்குத் தங்கத்தின் விலைதான். பழைய காசை லட்சக்கணக்கில் வாங்குவதாகச் சொல்லி முன்பணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம். தன் பெயரைச் சொல்லியே இப்படிக் கட்டணமும் கமிஷனும் கேட்கிறார்கள் என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்தது.

நம் தொழிலுக்கும் இது அன்னியமல்ல. அக்மார்க் முத்திரைக்கு அடிப்படையான சட்டம் 1937-லேயே வந்துவிட்டது. அப்படியும் இன்று நம் கடைகளுக்கு வரும் மூட்டைகளில் 'முதல் ரகம்' என்று எழுதாத மூட்டை எது? எல்லாமே முதல் ரகம் என்றால் அந்தச் சொல்லுக்கு மதிப்பில்லை. மொத்த வியாபாரி ஒன்று சொல்ல, சில்லறைக் கடைக்காரர் ஒன்று சொல்ல, கடைசியில் வீட்டில் பருப்பு வேகாதபோது திட்டு வாங்குவது கல்லாவில் இருப்பவரே. தரத்தை வாங்காத, விற்காத ஒருவர் சொல்லட்டும். அது பில்லில் எழுத்தாக வரட்டும். அதன் பிறகும் நாம் மூட்டையைக் குத்திப் பார்த்தே வாங்குவோம். முத்திரை யாருடையதானாலும், வாடிக்கையாளருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.