மலை சிறிது, ஏற்றம் பெரிது!

"இது என்ன பெரிய மலை? அரை மணியில் ஏறி இறங்கி விடலாம்!"

செஞ்சிக் கோட்டையின் அடிவாரத்தில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. இப்படிச் சொன்னவர்களில் பலர், பாதி வழியில் பாறை மேல் உட்கார்ந்து, "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று இறங்கி வருகிறவர்களைக் கேட்பதும் உண்டு.

விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனத்தில் இருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் இருக்கிறது செஞ்சி. அங்கே ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று 3 குன்றுகள். மூன்றையும் மதில் சுவர் இணைக்கிறது. மூன்றிலும் உயரமானது ராஜகிரி. அதன் உயரம் சுமார் 800 அடி.

இமயமலையோடு ஒப்பிட்டால், 800 அடி ஒரு பொருட்டே அல்ல. ஆனால், ஒரு மாடிக்கு 10 அடி என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 80 மாடி ஆகிறது! 4 மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறவர்கள், 80 மாடி ஏறப் போகிறோம் என்பதை நினைத்துப் பார்ப்பது இல்லை. மலை சிறிது என்று கண் சொல்கிறது. கால் அதை ஒப்புக் கொள்வது இல்லை.

படைகளே திணறின!

ராஜகிரி மண் மலை அல்ல. யானை யானையாகப் பாறைகளை அடுக்கி வைத்தது போல் இருக்கும் கரடுமுரடான குன்று. அந்தக் கரடுமுரடுதான் அதன் பலம்.

1677-ம் ஆண்டில் சிவாஜி இந்தக் கோட்டையைப் பிடித்தார். பிறகு, அவருடைய மகன் ராஜாராம் இங்கே வந்து தங்கினார். 1690-ல் மொகலாயப் படை கோட்டையை முற்றுகை இட்டது. பீரங்கியும் குதிரையும் இருந்தும், 1698-ல்தான் கோட்டை விழுந்தது. பெரிய படையையே ஆண்டுக் கணக்கில் காக்க வைத்த மலை அது!

2025-ம் ஆண்டு ஜூலை மாதம், மராட்டியர்களின் 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதில் செஞ்சியும் ஒன்று. உலகம் போற்றும் மலையை, நம்மவர்கள் விளையாட்டாக எண்ணலாமா?

ஏறியவர்கள் சொல்வது

ராஜகிரியில் ஏறியவர்களின் அனுபவம் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கிறது.

முதலில் படிகள் சுலபமாகத் தெரியும். வாலிபர்கள் ஓடுவார்கள். சிறுவர்கள் அவர்களை முந்துவார்கள். கொஞ்ச தூரத்தில் படிகள் செங்குத்தாகும். ஒரு படி அரை அடி, அடுத்த படி ஒன்றரை அடி என்று ஏறுமாறாக இருக்கும். ஓடியவர்கள் உட்கார்ந்து விடுவார்கள். பத்துப் படிக்கு ஒரு முறை நின்று, முந்தானையால் முகத்தைத் துடைத்துக் கொண்டு, மெதுவாக வரும் பாட்டி அவர்களைத் தாண்டிப் போவார்!

அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். மலை ஏறுவதற்கும் அதுதான் வழி. பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகமே சரியான வேகம். பேச்சு வராமல் மூச்சு இரைத்தால், வேகம் அதிகம் என்று பொருள்.

உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு பெரிய பிளவு இருக்கிறது. ஆழம் சுமார் 60 அடி. அதன் மேல் உள்ள சிறு பாலத்தைக் கடந்துதான் உச்சிக்குப் போக வேண்டும். அந்தப் பாலத்தை எடுத்துவிட்டால், பகைவன் மேலே வர முடியாது. இதைக் கடக்கும்போது நெஞ்சு படபடப்பதாகப் பலர் சொல்வார்கள். குழந்தைகளின் கையைப் பெரியவர்கள் பிடித்துக் கொள்ள வேண்டிய இடம் இது.

உச்சியில் ரங்கநாதர் கோவிலும் களஞ்சியமும் இருக்கின்றன. காற்று ஆளைத் தள்ளும். கீழே வயலும் ஏரியும் சாலையும் சித்திரம்போல் தெரியும். பட்ட பாடு எல்லாம் அந்த ஒரு நொடியில் மறந்து போகும்.

மறந்து போவதுதான் ஆபத்து! இன்னும் பாதி வேலை பாக்கி இருக்கிறது.

இறங்கும்போது கவனம்

ஏறும்போது மூச்சு வாங்கும். இறங்கும்போது முழங்கால் வலிக்கும். உடம்பின் எடை முழுவதையும் தொடையும் முழங்காலும் தாங்கிப் பிடித்து, ஒவ்வொரு படியாக இறக்க வேண்டும். களைத்த கால் நடுங்கும். பலர் கால் பட்டு வழவழப்பான கல், தூறல் விழுந்தால் வழுக்கும். ஆகையால் இறங்கும்போது ஓடக் கூடாது. படியில் நின்று செல்போனில் படம் எடுக்கக் கூடாது. நடந்தால் பாதையைப் பார்க்க வேண்டும். பார்க்க விரும்பினால் நிற்க வேண்டும்.

வெயில் இன்னொரு எதிரி. பாறை பகல் முழுவதும் சூட்டை வாங்கித் திருப்பி வீசும். காலையிலேயே ஏறத் தொடங்கி, உச்சி வெயிலுக்கு முன் இறங்கி விடுவது நல்லது. ஆளுக்கு ஒரு பெரிய பாட்டில் தண்ணீர் தேவை. தின்பண்டம் இருக்கும் பையைக் கையில் ஆட்டிக்கொண்டு போனால், குரங்கு பறித்துக்கொள்ளும். அதைத் துரத்தப் போய்ப் பாறையில் விழ வேண்டாம்.

தலைவலி, மயக்கம், வாந்தி வந்தால் உடனே நிழலில் உட்கார வேண்டும். ஈரத் துணியால் உடம்பைத் துடைத்து, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். ஒருவர் நினைவு தடுமாறிப் பேசினாலோ, நெஞ்சு வலிப்பதாகச் சொன்னாலோ, தாமதம் கூடாது. 108-க்குப் போன் செய்ய வேண்டும். நினைவு இழந்தவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. இருதய நோய் உள்ளவர்கள், டாக்டரைக் கேட்டுவிட்டுப் புறப்பட வேண்டும்.

திரும்புவது தோல்வி அல்ல

காவலர்கள், "நேரம் ஆகிவிட்டது, இனி ஏறக் கூடாது" என்று தடுத்தால், சிலர் சண்டைக்குப் போகிறார்கள். இது தவறு. இருட்டில் கால் இடறினால், தூக்கி வருவதற்குத் தோள் கொடுக்க வேண்டியவர்களும் அவர்களே!

2018-ம் ஆண்டு மார்ச் மாதம், தேனி மாவட்டம் குரங்கணியில் மலை ஏறப் போனவர்கள் காட்டுத் தீயில் சிக்கினார்கள். 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதன் பிறகு தமிழக அரசு மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. செஞ்சி காட்டு மலை அல்ல. என்றாலும் பாடம் ஒன்றே. மலைக்கு மலை ஆபத்து மாறும். விதி மனிதனைக் காக்கவே இருக்கிறது.

கூட்டமாகப் போகிறவர்கள், கூட்டத்திலேயே மெதுவாக நடப்பவரின் வேகத்தில் போக வேண்டும். யாரையும் தனியே விடக் கூடாது. "பாதியில் திரும்பினால் கேலி செய்வார்களே" என்று வெட்கப்பட்டு, முடியாதவர் ஏறுவதும் கூடாது. அவரைக் கேலி செய்வதும் கூடாது. பாதி மலை ஏறினாலும் அது ஏற்றமே. மலை எங்கும் ஓடிவிடாது. அடுத்த மாதம் வந்து மீதியை ஏறலாம்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்றார்கள் பெரியவர்கள். உயரம் தெரியாமல் காலை வைப்பதும் அப்படித்தான். குழந்தைகளை அழைத்துக்கொண்டு குடும்பத்தோடு மலை ஏறுங்கள். உடம்புக்கு நல்லது, ஊரின் சரித்திரமும் மனதில் பதியும். ஆனால், சிறிய மலைக்கும் பெரிய மலைக்குக் கொடுக்கும் மரியாதையைக் கொடுங்கள்.

உச்சியைத் தொட்டவர் பாதி வென்றவர். பத்திரமாக வீடு திரும்பியவரே முழுதும் வென்றவர்!