கோர்ட்டுக்குப் போன கதைப் புத்தகம்

ஒரு சிறுவர் கதைப் புத்தகத்தைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைக்கலாமா? அமெரிக்காவில் இந்தக் கேள்வி கோர்ட்டு வரை போனது. புத்தகத்தின் பெயர், "ஹாரி பாட்டர்."

மாடிப்படி அறையில் ஒரு பையன்

ஹாரி பாட்டர், தாய்-தந்தையை இழந்த பையன். பெரியம்மா வீட்டில் வளர்கிறான். மாடிப்படிக்குக் கீழே உள்ள இருட்டு அறைதான் அவன் படுக்கை. 11-வது பிறந்த நாளன்று, தான் ஒரு மந்திரவாதி என்று அவனுக்குத் தெரியவருகிறது. மந்திரம் கற்றுத்தரும் பள்ளிக்கூடத்தில் சேருகிறான். அங்கே உயிர் நண்பர்கள் கிடைக்கிறார்கள். பெற்றோரைக் கொன்ற கொடியவனும் எதிர்ப்படுகிறான்.

இதை எழுதியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ரௌலிங் அம்மையார். 12 பதிப்பகங்கள் கதையைத் திருப்பி அனுப்பிவிட்டன.

பிறகு, லண்டன் "புளூம்ஸ்பரி" பதிப்பகத்தின் தலைவர் முதல் அத்தியாயத்தைத் தன் 8 வயது மகளிடம் கொடுத்தார். படித்து முடித்த மகள், "மீதிக் கதை எங்கே?" என்று அவரை விடாமல் கேட்டாள். 1997 ஜூன் 26-ந் தேதி புத்தகம் வெளிவந்தது. கெட்டி அட்டைப் பதிப்பில் முதலில் அச்சிட்டது 500 பிரதிகள்தான்!

சிறுவர்கள் விழுந்து விழுந்து படித்தார்கள். "நியூயார்க் டைம்ஸ்" பத்திரிகை, அதிகம் விற்கும் நாவல்களின் பட்டியலை வாரந்தோறும் வெளியிடும். அதில் ஹாரி பாட்டர் புத்தகங்களே முதல் இடங்களைப் பிடித்துக்கொண்டன. அதனால் 2000-ம் ஆண்டில் சிறுவர் நூல்களுக்கென்று தனிப் பட்டியல் தொடங்கவேண்டியதாயிற்று.

தீயில் போட்டார்கள்

எல்லோருக்கும் இது பிடிக்கவில்லை. "பிள்ளைகள் சூனியம் கற்றுக்கொள்வார்கள்" என்று சிலர் பயந்தார்கள். 2001 டிசம்பர் 30-ந் தேதி, நியூ மெக்சிகோ மாநிலத்தில் உள்ள ஆலமகோர்டோ ஊரில், ஒரு பாதிரியார் தலைமையில் ஹாரி பாட்டர் புத்தகங்களை எரித்தார்கள். அந்தக் கதைகளைப் படித்ததில்லை என்று அந்தப் பாதிரியாரே சொன்னார்!

தீர்ப்பு

அடுத்த ஆண்டு, ஆர்க்கன்சா மாநிலத்தில் சீடர்வில் என்ற சிற்றூரில் பிரச்சினை எழுந்தது. புத்தகத்தின் மீது புகார் வந்தது. அதை ஆராய்ந்த 15 பேர் கமிட்டி, "நூலகத்தில் இருக்கலாம்" என்று ஒருமனதாகச் சொன்னது. பள்ளி நிர்வாகக் குழு அதை ஏற்கவில்லை. "பெற்றோர் கையெழுத்து இருந்தால்தான் கொடுக்கவேண்டும்" என்று 3-க்கு 2 ஓட்டில் முடிவு செய்தது.

ஒரு மாணவியின் பெற்றோர் வழக்குத் தொடர்ந்தார்கள். அவர்கள் மகளுக்கு அனுமதி தர மறுத்தவர்கள் அல்ல. "நீங்கள்தான் கையெழுத்துப் போடுவீர்களே, பிறகு என்ன குறை?" என்று கேட்கலாம். குறை இதுதான்: கெட்ட புத்தகம் என்று முத்திரை குத்திவிட்டால், அதை எடுக்கும் பிள்ளையையும் மற்றவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். நீதிபதி இதை ஒப்புக்கொண்டார். புத்தகத்தைப் பழையபடி திறந்த அலமாரியில் வைக்கும்படி 2003 ஏப்ரலில் உத்தரவிட்டார்.

யார் சொல்வது?

பெற்றோரின் கவலையைக் கேலி செய்யக்கூடாது. தன் பிள்ளைக்கு எது ஆகும், எது ஆகாது என்று பார்ப்பது தாய்-தந்தையின் கடமை. ஆனால், தன் பிள்ளைக்கு வேண்டாம் என்பது வேறு. ஊர்ப் பிள்ளைகள் யாருக்கும் வேண்டாம் என்பது வேறு.

இந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. 2023-ம் ஆண்டில் மட்டும், 4,240 வெவ்வேறு நூல்களை அகற்றவோ கட்டுப்படுத்தவோ முயற்சி நடந்தது என்று அமெரிக்க நூலகச் சங்கம் கணக்குச் சொல்கிறது.

ஹாரி பாட்டரை எதிர்த்தவர்கள் மந்திரக்கோலைப் பார்த்தார்கள். பிள்ளைகள் பார்த்ததோ, மாடிப்படிக்குக் கீழே தனியாகப் படுத்திருந்த பையனை! அவனுக்கு நண்பர்கள் கிடைத்தபோது, தங்களுக்கே கிடைத்ததுபோல் மகிழ்ந்தார்கள்.

உங்கள் பிள்ளை ஒரு கதையில் மூழ்கிக் கிடந்தால், புத்தகத்தைப் பிடுங்கும் முன்பு இரண்டு பக்கம் நீங்களும் படியுங்கள். "இதில் உனக்கு யாரைப் பிடிக்கும்?" என்று கேளுங்கள். அந்தப் பதிலிலேயே பிள்ளையின் மனம் தெரிந்துவிடும்.