உதட்டைப் பாருங்க... உச்சரிப்பு வரும்!

பதில் தெரிந்தும் வகுப்பில் எழுந்து ஆங்கிலத்தில் பேசத் தயங்கும் பிள்ளைகள் பலர். 'தப்பா சொன்னா சிரிப்பாங்களே' என்கிற பயம்தான் காரணம். இதற்கு யூடியூப் கைகொடுக்கும்.

தமிழில் 'வ' ஒன்றுதான். ஆங்கிலத்தில் 'வேன்' சொல்ல மேல்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். 'வாட்டர்' சொல்ல பல் படாமல் உதடு குவிய வேண்டும். காதால் கேட்டால் மட்டும் இது பிடிபடாது. பிபிசி லேர்னிங் இங்கிலீஷ் சேனலின் உச்சரிப்பு வீடியோக்களில் வாயசைவையும் கவனிக்கலாம்.

வீடியோ வேகத்தை 0.75-க்குக் குறையுங்கள். ஒரு வாக்கியம் முடிந்ததும் நிறுத்தி, கண்ணாடி முன் சொல்லிப் பாருங்கள். அதை செல்போனில் பதிவு செய்து ஒப்பிட்டால், எங்கே பிசகுகிறது என்பது தெரிந்துவிடும். தினமும் 10 நிமிடம் போதும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்... பிள்ளை தடுமாறும்போது நீங்களும் சிரித்துவிடாதீர்கள்!