தமிழ்க் கையேடு தர இனி என்ன தடை?

புதிய பிரிண்டரின் பெட்டியைப் பிரித்தால் பல மொழிகளில் கையேடு இருக்கும். தமிழ் இருப்பது அபூர்வம். கேட்டால், மாடலுக்கு மாடல் மொழிபெயர்க்கச் செலவு அதிகம் என்பார்கள். இந்தச் சாக்கு இனி எடுபடாது என்பது என் கருத்து.

காரணம், டிட்டா. ஐபிஎம் உருவாக்கிய இந்த எக்ஸ்எம்எல் முறையை 2005-ல் ஒயாசிஸ் அமைப்பு தரநிலையாக ஏற்றது. இதில் கையேட்டை ஒரே நீள பைலாக டைப் செய்வதில்லை. ஒரு விஷயத்துக்கு ஒரு சிறு பைல், அதுதான் டாபிக். எது எதன்பின் வர வேண்டும் என்பதை மேப் என்னும் தனி பைல் சொல்லும். ஆக்சிஜன் போன்ற எடிட்டர்கள், டேக் இடம் மாறி விழுந்தால் உடனே காட்டிவிடும்.

நான் குடியிருக்கும் ரமணாசிரமம் பகுதியை வைத்தே சொல்கிறேன். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். வழியில் எட்டு லிங்கங்கள். ராஜகோபுரத்தில் தொடங்கினால் முதலில் இந்திர லிங்கம். ஆசிரம வாசலில் தொடங்கினால் எம லிங்கம். லிங்கத்துக்கு ஒரு டாபிக் என எழுதி வைத்தால், மேப்பை மட்டும் மாற்றி இரண்டு வழிகாட்டி நூல்கள் தயாரித்திடலாம். ஆனால் எந்த டாபிக்கிலும் ‘முன்பு பார்த்தது போல’ என்று எழுதக் கூடாது! எழுதுபவருக்குச் சிரமம் இங்கேதான்.

மொழிபெயர்ப்பிலும் இதே கதைதான். முதல் தடவை செலவு உண்டு, மறுக்கவில்லை. அடுத்த மாடலில் மூன்று டாபிக் மாறினால் அந்த மூன்றை மட்டும் தமிழாக்கினால் போதும். பேப்பர் வைப்பதும் கேபிள் இணைப்பதும் பழையபடியே இருக்கும்.

வீட்டில் கடிதம் எழுத உங்களுக்கு இதெல்லாம் வேண்டாம், வேர்ட் போதும். கடைக்குப் போகும்போது மட்டும், ‘தமிழ்க் கையேடு உண்டா?’ என்று கேளுங்கள்.